ஒரு ஜக்கு உறையும் ஆறுமுகம் அண்ணனும்

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் சாதனைகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் உங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அது வராது. வேலை நன்றாக நடந்த நாளில் ஏன் நன்றாக நடந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். ஒன்றும் புரியாமல் நின்ற நாட்கள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அதில் ஒன்றைச் சொல்கிறேன். குறிப்பெடுக்க வேண்டாம், பேனாவை மூடி வையுங்கள். பரீட்சையில் வருகிற விஷயம் இல்லை இது.

எண்பதுகளின் தொடக்கம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பால் தொழிற்சாலை. அது இப்போது இல்லை. தயிரைச் சின்னச் சின்னக் கப்பில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். இரண்டு பெரிய டேங்க், ஒரு சின்ன லேப், லேப்புக்கு ஒரே ஆள் நான். அறிவியல் பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பு. உங்களில் சிலர் முகத்தில் அதே களை தெரிகிறது. பரவாயில்லை, அது தானாகப் போய்விடும்.

அங்கே நிஜமாக வேலை பார்த்தது பாக்டீரியாதான். நாங்கள் அதற்குப் பால் ஊற்றி, சூடு பார்த்து, பக்கத்தில் நின்றோம். அந்தப் பாக்டீரியா வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும், சிறு கண்ணாடிக் குப்பியில், பொடியாக. தயிரைச் சீராக உறைய வைக்கும் ஒன்றிரண்டு வகையை மட்டும் பொறுக்கியெடுத்து அனுப்புவார்கள். கல்ச்சர் என்போம். வாராவாரம் ஒரு புதுக் குப்பியை உடைக்க வேண்டும், லேப்பில் காய்ச்சிய பாலில் வளர்க்க வேண்டும், அதை டேங்க்கில் ஊற்ற வேண்டும். வாரக் கடைசியில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. விதி அவ்வளவுதான்.

எனக்கு அந்த விதி பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் அம்மா ஒருநாளும் குப்பியை உடைத்ததில்லை. நேற்றுத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவார். நாளைக்கு அதிலிருந்து ஒரு கரண்டி. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்த உறை அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல தயிரைக் கையில் வைத்துக்கொண்டு உறைக்கு விமானத்தைப் பார்த்துக் காத்திருப்பானேன்?

ஒருமுறை குப்பி வருவது தாமதமானது. நன்றாகத் தோய்ந்திருந்த முதல் டேங்க்கிலிருந்து ஒரு ஜக்குத் தயிரை எடுத்து இரண்டாவது டேங்க் பாலில் விட்டேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் தோய்ந்தது, கத்தியால் வெட்டலாம் போல. அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. நேற்றைய டேங்க்கிலிருந்து ஒரு ஜக்கு இன்றைக்கு, இன்றைய டேங்க்கிலிருந்து ஒரு ஜக்கு நாளைக்கு. லேப் பிளாஸ்க்கில் வைத்திருந்த கல்ச்சரையும் அதே ஜக்கிலிருந்துதான் புதுப்பித்தேன். பதிவேட்டில் மட்டும் வாராவாரம் 'புதுக் குப்பி' என்று எழுதி வைத்தேன். யாரையும் ஏமாற்றுவதாகவே தோன்றவில்லை. எழுத்தில் விதி இருக்கட்டும், வேலையில் அறிவு இருக்கட்டும் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் எல்லாம் ஜோராக ஓடியது. மேனேஜர் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஆறுமுகம் அண்ணனைச் சொல்லியாக வேண்டும். டேங்க் கழுவுகிறவர். கிள்ளானிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். முன்பு ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் தொட்டிகளைக் கழுவியவர். "அந்தப் பால வுட்டுட்டு இந்தப் பாலுக்கு வந்துட்டேன் தங்கச்சி, எனக்கு என்னமோ பாலோடதான் ராசி" என்பார். குளோரின் தண்ணீரால் டேங்க்கைக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். அலசியதும் தலையை டேங்க்குக்குள் விட்டு மோந்து பார்ப்பார். வாசம் இல்லை என்றால் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய ரிப்போர்ட். அது ஒருநாளும் தப்பானதில்லை.

ஒரு திங்கட்கிழமை முதல் டேங்க் உறையவில்லை. திறந்து பார்த்தால் பால் பாலாகவே கிடந்தது, லேசாகப் புளித்த வாசத்தோடு. சூடு குறைந்திருக்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை முதல் டேங்க் தோய்ந்தது, இரண்டாவது தோயவில்லை. சரி, இரண்டாவதில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். புதன்கிழமை இரண்டுமே தண்ணீர். பால் கொடுத்தவர்கள் மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார்களோ, மருந்து பாலில் இறங்கியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு சந்தேகம். ஒன்றை நம்பி ஒரு மணி நேரம் ஓடுவேன், அது இல்லையென்றதும் அடுத்ததை நம்பி ஓடுவேன். யார் என்ன சொன்னாலும் சரியாக இருக்கும் போலிருந்தது.

மேனேஜருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. நல்ல மனிதர், சீனர், கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவர். டேங்க்கின் அடிக்குழாயில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு சோதனைத் தாளை நனைத்தார். லேசாக நிறம் மாறியது. குளோரின். "இந்த டேங்க்கை யார் கழுவியது?" என்று மலாயில் கேட்டார்.

ஆறுமுகம் அண்ணன் வந்து நின்றார்.

"மூன்று தடவை அலசினாயா?"

"அலசினேன் பாஸ்."

"மூன்று தடவையா? நிச்சயமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார், டேங்க்கைப் பார்த்தார், விரலை மடக்கினார். பல வருஷமாக ஒரே வேலையைச் செய்கிறவரிடம் நேற்று எத்தனை முறை செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வார்? இன்று காலை எத்தனை தடவை பல் தேய்த்தீர்கள் என்று உங்களைக் கேட்டால் தெரியுமா? "மூணுதான் பாஸ்... ரெண்டா இருக்குமோ... இல்ல, மூணுதான்" என்றார். அந்த 'ரெண்டா இருக்குமோ' போதுமானதாக இருந்தது. வீட்டில் இரு, முடிவு பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்கள். தயிர் போடுவதையும் அதுவரை நிறுத்தி வைத்தார்கள். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வீடு அது. போகும்போது அவர் என்னிடம் வந்து, "தங்கச்சி, நெசமாவே நான்தான் சரியா கழுவலியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஒன்று செய்தேன். டேங்க்கைத் தொடாமல், வந்த கேனிலிருந்து நேராகப் பால் எடுத்து, லேப்பில் காய்ச்சி, என் பிளாஸ்க் கல்ச்சரை விட்டேன். அதுவும் உறையவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், டேங்க்கில் தப்பில்லை என்று. ஆனால் எனக்குப் பட்டது வேறு: அப்படியானால் பால்தான் கெட்டது. என் கல்ச்சர் கெட்டிருக்கலாம் என்ற எண்ணம் மண்டையில் ஏறவே இல்லை. அதை நானே வளர்த்தேன் அல்லவா.

பாலைச் சோதிக்க வேறு உறை வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொஞ்சம் தயிர் கேட்டேன். விளக்கேற்றியாகிவிட்டது. "வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பெறகு உறை வெளிய போகக் கூடாது. காலையில எடுத்துக்க" என்றார். லேப்புக்குத்தான் அம்மா, இப்போதே வேண்டும், வீட்டு ராசி ஒன்றும் போய்விடாது என்று கெஞ்சினேன். அசையவில்லை. சனிக்கிழமை காலை ஒரு எவர்சில்வர் டம்ளரில் தயிரை ஊற்றி, வாயை வாழையிலையால் கட்டி, மினி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டம் வாங்கியவள் போன கோலம் அது.

அதே பால், அதே டேங்க்கில் ஊற்றி எடுத்த பால். அம்மாவின் தயிரில் ஒரு கரண்டி விட்டேன். மதியத்துக்குள் கெட்டியாகத் தோய்ந்துவிட்டது.

அப்படியானால் பால் நல்ல பால். டேங்க்கும் சுத்தம். உறையைக் கொல்லும் அளவு குளோரின் இருந்திருந்தால் அம்மாவின் தயிரும் செத்திருக்கும்; மேனேஜரின் தாளில் தெரிந்தது குழாய்த் தண்ணீரிலேயே இருக்கும் துளிதான். மிச்சம் இருந்தது என் கல்ச்சர் ஒன்றுதான். ஏன் கெட்டது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஜக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை.

இப்போது கவனியுங்கள். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் உண்மையில் பாதியைச் சொன்னேன். "கல்ச்சர் சோர்ந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து வந்ததே சரியில்லை போல. ஆறுமுகம் மேல் தப்பில்லை." ஜக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பதிவேட்டையும் திறக்கவில்லை. அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருக்கு நஷ்டம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மேனேஜர் தலையாட்டினார். மறுநாள் ஆறுமுகம் அண்ணன் வந்தார், எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒரு பொட்டலம் முறுக்குகூடக் கொண்டுவந்தார். வாங்கித் தின்றேன், பிள்ளைகளா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக் குப்பி வந்தது. லேப்பில் வளர்த்தேன், அழகாகத் தோய்ந்தது. அப்பாடா என்று டேங்க்கில் ஊற்றினேன். அண்ணன் அன்றைக்குத் தனிக் கவனத்தோடு கழுவியிருந்தார். அடுத்த நாள் காலை திறந்தால் தண்ணீர்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார்: "புதுக் கல்ச்சர். லேப்பில் உறைகிறது. டேங்க்கில் உறையவில்லை. அவன் திரும்பி வந்ததும் மறுபடி போச்சு. நீயே சொல்லு லா." அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எல்லாமே டேங்க்கைத்தான் காட்டின. ஆனால் அம்மாவின் தயிர் அதே டேங்க் பாலில் தோய்ந்ததே? அந்தச் சோதனை பொய்யா, இந்தச் சோதனை பொய்யா? இரண்டும் மெய் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? லேப் ஸ்டூலில் உட்கார்ந்து, உறைந்த பிளாஸ்க்கையும் டேங்க்கிலிருந்து எடுத்த உறையாத பாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு சின்ன யோசனை. உறையாத டேங்க்கிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்து, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த புதுக் கல்ச்சர் பிளாஸ்க்கில் விட்டேன். அது உறையவில்லை. அந்தப் பிளாஸ்க்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இன்னொரு நல்ல பிளாஸ்க்கில் விட்டேன். அதுவும் உறையவில்லை. அதிலிருந்து ஒரு சொட்டு மூன்றாவதில். அதுவும் போச்சு.

இது குளோரினாக இருந்தால் சொட்டுக்குச் சொட்டு நீர்த்துப் போயிருக்க வேண்டும். மூன்றாவது பிளாஸ்க்கில் பெயருக்குக்கூட இருக்காது. இது நீர்க்கவில்லை, போகிற இடத்தில் எல்லாம் பெருகியது. அப்படியானால் உயிருள்ளது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிட்டுத் தாண்டிப் போன விஷயம்: பாக்டீரியாவைத் தின்று பெருகும் வைரஸ், பேஜ். ஒரு பேஜ் எல்லாப் பாக்டீரியாவையும் தின்னாது, அதற்கென்று உள்ள ஒரு வகையைத்தான் தின்னும்.

ஒரே வகையை நாள் தவறாமல், மாதக்கணக்காக, ஜக்கு ஜக்காக அதற்கு ஊட்டியது நான். விதிப்படி வாராவாரம் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தால் அதற்குப் பெருக நேரமே இருந்திருக்காது. நான் அதை டேங்க்கிலிருந்து டேங்க்குக்கு, பிளாஸ்க்குக்கு, மறுபடி டேங்க்குக்கு என்று சீராட்டி வளர்த்திருக்கிறேன். குழாயில், மூடியில், வடிகாலில் எல்லாம் குடியேறியிருந்தது. பாக்டீரியா இல்லாத இடத்திலும் அது காத்துக் கிடக்கும், சாதாரணக் கழுவலுக்கு முழுதாகப் போகாது. அம்மாவின் தயிரில் என்னென்ன பாக்டீரியா இருந்ததோ ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒன்று செத்தாலும் இன்னொன்று பாலை உறைய வைத்துவிடும். அம்மா செய்தது அம்மாவின் சமையலறைக்குச் சரி. பொறுக்கியெடுத்த ஓரிரு வகையை மட்டும் நம்பி ஓடும் தொழிற்சாலைக்கு அது விஷம். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் விதியைப் பார்த்துச் சிரித்தேன்.

இதைச் சொல்ல மேனேஜர் அறைக்குப் போனேன். உள்ளே ஆறுமுகம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருக்கிறார். "பாஸ், என் கைதான் சரியில்ல. முன்ன மாதிரி இல்ல. நான் நின்னுக்குறேன்" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நின்றுகொள்கிறேன் என்றால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று. முகத்தில் கோபமே இல்லை. எதையோ தொலைத்துவிட்டு எங்கே தொலைத்தோம் என்று தேடுகிற முகம்.

"அவர் தப்பில்லை. என் தப்பு" என்றேன். ஜக்கைச் சொன்னேன், பிளாஸ்க்கைச் சொன்னேன், பதிவேட்டில் பொய் எழுதியதைச் சொன்னேன்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வாரம் கல்ச்சர் சரியில்லை என்றாய். இப்போது நீதான் என்கிறாய். அவன் தான்தான் என்கிறான். நீங்கள் தமிழர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில்.

நம்பவில்லை. நம்பாததற்கு அவரைக் குறை சொல்ல முடியுமா? திங்கட்கிழமையே முழுதாகச் சொல்லியிருந்தால் அது ரிப்போர்ட். அண்ணன் வேலை போகிற நேரத்தில் சொன்னதால் அது பரிதாபமாகிவிட்டது. அவரை லேப்புக்கு இழுத்துப்போனேன். கண்ணெதிரே ஒரு சொட்டு, அடுத்த சொட்டு, மூன்றாவது சொட்டு என்று விட்டுக் காட்டி, மறுநாள் வந்து பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார். மூன்று பிளாஸ்க்கிலும் தண்ணீர், பக்கத்தில் சொட்டு விடாத பிளாஸ்க்கில் கெட்டித் தயிர். கண்ணால் பார்த்ததும் நம்பினார். வார்னிங் லெட்டர் எனக்கு வந்தது, அதை வாங்கும்போது நிம்மதியாகவே இருந்தது. டேங்க், குழாய், மூடி என்று எல்லாவற்றையும் கழற்றி நீராவியில் வேக வைத்தோம். வேறு இனக் கல்ச்சரையும் வரவழைத்து வாரத்துக்கு ஒன்றாக மாற்றினோம். தயிர் உறைந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்த தொழில் பாடம் அங்கே முடிகிறது. புரியாதபோது புரியவில்லை என்று சொல்லுங்கள். செய்ததைச் செய்ததாக எழுதுங்கள். பாதி உண்மையை முதலில் செலவழித்துவிட்டால், பிறகு மீதிப் பாதி செல்லாது. எனக்கு அது அங்கே முடியவில்லை.

ஆறுமுகம் அண்ணனிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். டேங்க் பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்டார். "எனக்கு இந்தக் குப்பி, சொட்டு எல்லாம் வெளங்காது தங்கச்சி. நீங்க எனக்காகச் சொன்னீங்க. அது எனக்குத் தெரியும்" என்றார். இல்லையண்ணே, நிஜம்தான் என்றேன். சரி சரி என்று சிரித்தார். அன்றிலிருந்து மூன்று முறை அலசுகிறவர் ஆறு முறை, ஏழு முறை அலசினார். மோந்து பார்த்துவிட்டுத் தொடையில் தட்டுவது நின்றுபோனது. என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, ஒரு தடவ பாருங்களேன், சரியா இருக்கா?" என்பார். சரியாக இருக்கிறது அண்ணே என்பேன். நம்பாமல் இன்னொரு முறை தண்ணீர் விடுவார். ஒருநாள்கூடச் சரியாக இல்லாமல் இருந்ததில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தேன், வேறு என்ன செய்ய.

சில வருஷம் கழித்து அவருடைய மூத்த மகளுக்குக் கிள்ளானில் கல்யாணம். போயிருந்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நிறுத்தினார். "சம்பந்தி, நான் சொல்லலையா, இவங்கதான். நான் செஞ்ச தப்பத் தன் தலையில போட்டுக்கிட்டு என் வேலையக் காப்பாத்திக் குடுத்தவங்க. இவங்க இல்லன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

"இல்லைங்க, தப்பு என்னுதுதான். அவர் மேல ஒன்னும் இல்ல" என்றேன்.

சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய மனசும்மா உங்களுக்கு. இப்பக்கூட ஒத்துக்க மாட்டேங்கிறீங்களே" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி அன்போடு பார்த்தார்கள். ஆறுமுகம் அண்ணன் கண் கலங்கி நின்றார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைப் பந்தியில் உட்கார வைத்து, தன் கையாலேயே பரிமாறத் தொடங்கிவிட்டார்.